விடு என்று சொன்னது நான்

பிள்ளை,

போன சனிக்கிழமை பின்னேரம் மோர்டனில் உன் வீட்டு வாசலில் நான் ஏழெட்டு நிமிடம் நின்றேன். நீ என்னைக் காணவில்லை. நீ முழங்காலில் நின்று, புதிதாகக் கொண்டுவந்திருக்கும், காரின் பின்னால் கொழுவி இழுக்கும் அந்தப் பழைய கரவன் வீட்டு வண்டியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாசல் தெருப்பக்கம் சரிவு. பள்ளப் பக்கத்துச் சில்லை மஞ்சள் நிறச் சாய்பலகையில் ஏற்றி, சில்லுக்குப் பின்னால் கட்டை வைத்திருந்தாய். எல்லாம் முறைப்படி இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. அப்போது உன் சின்னவள் வண்டியின் முன்பக்கம் போய், கைப்பிரேக்கின் நுனியில் இருக்கும் பொத்தானில் பெருவிரலை வைத்தாள். நீ கத்தினாய். மூலைக்கால்களைச் சுழற்றி இறக்கும் நீளமான இரும்புக் கைப்பிடி உன் கையில் இருந்தது. அது உன் தோளுக்கு மேலே போனது. அவள் ஓடவில்லை, அழவில்லை. வலது முழங்கையை மடித்து முகத்துக்கு முன்னால் உயர்த்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

ஒரு நாளும் அடி வாங்காத பிள்ளை அப்படிக் கையை உயர்த்தாது. அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அந்த முழங்கைக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு ஐந்து வயது.

நீ அடிக்கவில்லை. கைப்பிடியை இறக்கினாய். பிறகு திரும்பி என்னைக் கண்டாய். "என்ன பாக்கிறியள் அப்பா? உங்களிட்டைப் பழகினதுதானே," என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னாய். டூட்டிங்கில் வாங்கிய மீன் பணிஸ் பொதியைப் படியில் வைத்துவிட்டு நான் பஸ் எடுத்து வந்துவிட்டேன். வரும் வாரம் வங்கி விடுமுறைக்கு நீயும் உன் புருசனும் சின்னவளும் முதல் தடவையாக அந்த வண்டியில் புறப்படுகிறீர்கள். அதற்கு முன் இதை நீ வாசிக்க வேண்டும்.

உன் கைபேசிக்கே இதை அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் முன்பு எழுதியது இந்தப் பத்திரிகையில், ஐந்தாம் பக்கத்துக் கீழ் மூலையில், ஒற்றைப் பத்தியில் வந்தது. என் தம்பி, உன் சித்தப்பாவுக்காகச் செபிக்கும்படி எங்கள் கோயில் பங்கு மக்களைக் கேட்டு எழுதிய சின்ன அறிவித்தல் அது. 'மகளின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று அதில் இருந்தது. எங்கே பிழையாக எழுதினோமோ அங்கேதான் திருத்தமும் வர வேண்டும் என்று எனக்குப் பத்திரிகைத் தொழில் பழக்கியவர் சொல்லியிருந்தார். திருத்தத்துக்கு இடம் கேட்டேன். தந்தார்கள். அது வரவேண்டிய காலம் பதினைந்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது.

அன்று உனக்குப் பதினாறு வயது. பங்கிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாதா யாத்திரைக்குப் போகிறவர்களில் சில குடும்பங்கள் கரவனில் போய்த் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவது உனக்கு நினைவிருக்கும். சித்தப்பாவுக்கும் எனக்கும் அந்த ஆசை பிடித்தது. அவன் லண்டன் பஸ் ஓட்டினான். பாரமான வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். எழுத்து வேலை செய்கிறவனுக்குக் கையேடு வாசிக்கத் தெரியும் என்று அவன் நினைத்தான். கையேட்டை இரண்டு பேரும் வாசிக்கவில்லை. யாத்திரைக்கு முதல் பழகிப்பார்க்க, குரொய்டன் தாண்டி மேட்டு நிலத்தில், கரவன்களை நிறுத்தித் தங்கும் ஒரு முகாம் இடத்துக்குக் கொண்டுபோனோம். எங்களுக்குத் தந்த புல்தரை பின்பக்கமும் சரிவு, இடப்பக்கமும் சரிவு. காலையில் மழை பெய்திருந்தது.

கரவனைக் காரோடு கொழுவியபடியே சாய்பலகையில் ஏற்றி, கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, அதற்குப் பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். இது எல்லாக் கையேட்டிலும் முதற்பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கார் ஈரப்புல்லில் வழுக்கியது. பக்கத்துக் கூடாரத்துக் கயிறும் இடைஞ்சலாக இருந்தது. நான் பொறுமை இழந்து காரைக் கழற்றச் சொன்னேன். கையால் தள்ளி ஏற்றலாம் என்றேன். பக்கத்தில் கதிரை போட்டு இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் எழும்பி வந்து, முதலில் கட்டையை வையுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். எனக்கு அது விளங்கியது. நன்றி என்றேன். அவர் போனதும் உன் அம்மாவிடம், "இவருக்கு வேறை வேலை இல்லை," என்றேன். இதையும் எழுதிவிட வேண்டும். எச்சரிக்கப்பட்டேன், அலட்சியம் செய்தேன்.

உன்னை முன்னால் கைப்பிரேக்கில் நிறுத்தினேன். சித்தப்பாவும் நானும் பின்னால் நின்று தள்ளினோம். நான் "விடு" என்பேன். நீ பிரேக்கை இறக்குவாய். நாங்கள் தள்ளுவோம். "பிடி" என்பேன். நீ இழுப்பாய். முதல் தடவை சில்லு பலகையின் பாதிக்கு ஏறியது. சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணை, தலையங்கம் எழுதிறமாதிரி யோசிச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ, தள்ளுங்கோ," என்றான். நீ முன்னால் நின்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது தடவை "விடு" என்றேன், தள்ளினோம், "பிடி" என்றேன். சில்லு பலகையின் உச்சிக்குப் போய்விட்டது. நான் மட்டம் பார்க்கும் நீர்மட்டக் கோலை எடுத்துக்கொண்டு போய், வாசற்கதவைத் திறந்து உள்ளே தரையில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றது. அந்த நாளில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான். அந்த நேரம் சித்தப்பா கட்டை வைப்பதற்காகச் சில்லுக்குப் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலைச் சரிவில் நீட்டிக் குந்தினான். நீ நின்ற இடத்திலிருந்து அவனைக் காண ஏலாது. எனக்கு அவன் முதுகு தெரிந்தது.

நீ கேட்டாய். "அப்பா, பிரேக்?"

என் கண் குமிழியில் இருந்தது. "விடு," என்றேன். அது அப்படியே இருக்கட்டும், தொடாதே என்பதுதான் என் மனதில் இருந்தது.

நீ திரும்பவும் கேட்டாய். "விடவா?"

"விடு எண்டுறன். எத்தினை தரம் சொல்லுறது?"

இருபது நிமிடத்துக்குள் அந்தச் சொல்லை நான் நான்கு தடவை உன்னிடம் சொன்னேன். முதல் இரண்டு தடவையும் பிரேக்கை இறக்கு என்ற பொருளில் சொன்னேன். அடுத்த இரண்டு தடவை இறக்காதே என்ற பொருளில் சொன்னேன். நடுவில் பொருளை மாற்றியது நான். அதை உனக்கு அறிவிக்கவில்லை. உன் தமிழ் நாங்கள் வீட்டுக்குள் கொடுத்த தமிழ். பிரதான தெருவைக் கடக்கும்போது "கையை விடாதை" என்போம். ஆறு வயதில் பூங்காவில் சைக்கிள் பழகியபோது, இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த என்னைப் பார்த்து நீ "விடுங்கோ அப்பா, விடுங்கோ" என்று கத்தினாய். நான் விட்டேன், நீ ஓட்டினாய். உன்னிடம் அந்தச் சொல் ஒரே பொருளோடுதான் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு, நீ பொத்தானை அழுத்திப் பிரேக்கை இறக்கினாய்.

சில்லு பலகையிலிருந்து பின்னால் இறங்கிய தூரம் இரண்டரை அடி இருக்கும். சித்தப்பாவின் காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஏறியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கதவடியில் கேட்டது. வண்டி அதற்கு மேலும் போகப் பார்த்து, அவன் காலிலேயே தட்டி நின்றது. கட்டை வைக்க வேண்டிய இடத்தில் அவன் கால் இருந்தது. அவன் முதலில் கத்தவில்லை. "அண்ணை, சப்பாத்து," என்றான். சப்பாத்தின் நுனி பின்பக்கம் பார்த்துத் திரும்பி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கத்தத் தொடங்கினான். அந்த வயதானவரும் இன்னும் நாலைந்து பேரும் ஓடிவந்து, காரின் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார்கள். புல்லில் இரத்தம் சரிவு பார்த்து ஓடி, தண்ணீர்க் குழாயடியில் தேங்கியது. ஒன்பதாம் நாள் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்தத் திருத்தத்தின் மையம். முகாம் பொறுப்பாளர் ஓடிவந்தார். எல்லாரும் வண்டியின் பின்பக்கம் நின்றார்கள். நீயும் நானும் அம்மாவும் முன்பக்கம். பிரேக்கை யார் இறக்கியது என்று அவர் கேட்டார். நீ கை உயர்த்தினாய். வகுப்பில் உயர்த்துவதுபோல. உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். "இறக்கச் சொன்னார்" என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். "இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே சொல்லுக்கு நாங்கள் இரண்டு மொழிபெயர்ப்புக் கொடுத்திருந்தோம். இரண்டும் சரி. நான் சொற்களை வைத்துப் பிழைத்தவன். அந்தக் கணமே எனக்கு அது தெரிந்துவிட்டது. என்னுடையது நான் நினைத்ததன் மொழிபெயர்ப்பு. உன்னுடையது நான் சொன்னதன் மொழிபெயர்ப்பு. அவர் அம்புலன்ஸுக்கு வழிகாட்ட முகாம் வாசற் படலையடிக்கு ஓடினார். அவர் முதுகு மறைந்ததும் நான் உன்னை அடித்தேன்.

முதல் இரண்டு அடியும் கையால். மூன்றாவது அடி நீர்மட்டத்தால். அது இரண்டடி நீள அலுமினியம், என் கையில் இருந்ததையே நான் மறந்திருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பிடியை மாற்றிப் பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் விளிம்பு உன் இடது புருவத்தில் இறங்கியது. குமிழி இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்து, பச்சைத் தண்ணீரும் இரத்தமும் சேர்ந்து உன் கன்னத்தில் வழிந்தன. நீ விழுந்தாய். விழுந்த உன்னைக் காலாலும் உதைத்தேன். அம்மா குறுக்கே விழுந்து மறித்தாள். அவள் தோளிலும் ஒன்று பட்டது. நீ பிரேக்கை இறக்கியதற்காக நான் அடித்தேன் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாய். உன் மொழிபெயர்ப்புச் சரியாக இருந்தது என்பதற்காக அடித்தேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

அம்மா உன் புருவத்தில் துவாயை அழுத்திக்கொண்டு உன்னைக் காருக்குள் இருத்தினாள். பொறுப்பாளர் விபத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் என் பேனையால் ஆங்கிலத்தில் எழுதினேன். 'கைப்பிரேக்கை என் மகள் எவரும் சொல்லாமலே இறக்கினார்.' ஒரே வசனம். இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதிய காலத்தில், விழுந்து கிடந்தவருக்கும் அவருடைய செருப்புக்கும் இடையில் எத்தனை அடி என்று அடி வைத்து அளந்து எழுதியவன் நான். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். அன்று என் தம்பியின் இரத்தம் காயுமுன் அதைக் கொடுத்துவிட்டு, உன் பெயரில் ஒரு பொய்யை வாங்கினேன்.

அதே பின்னேரம் நீயும் ஒரு பொய் சொன்னாய். சித்தப்பாவைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரியில் உனக்குத் தையல் போட்டார்கள். தாதி என்னை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்தாள். இது எப்படி நடந்தது, உனக்கு வீட்டில் பயமில்லையா என்று உன்னைக் கேட்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். "கரவன் கதவு அடிச்சது" என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். அவள் திரும்பவும் கேட்டாள். நீ திரும்பவும் கதவு என்றாய். சில மணித்தியால இடைவெளியில் நான் உனக்கு எதிராக ஒரு பொய்யைப் பதிந்தேன், நீ என்னைக் காப்பாற்ற ஒன்றைப் பதிந்தாய். வீட்டுக்கு வந்து நான் அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை. "பிள்ளையை அடிச்ச கையாலை எனக்கு ஒண்டும் தரவேண்டாம்," என்றாள். அதற்குப் பிறகும் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கான தேத்தண்ணியை அவளே போட்டுக்கொள்கிறாள். நீ வரும் நாட்களில் மட்டும், நீ பார்க்கிறாய் என்பதற்காக, என் கையால் வாங்குவாள்.

அது முதல் அடியும் இல்லை. கணக்குப் பிழைத்ததற்குக் கோடு போடும் அடிமட்டத்தால் அடித்திருக்கிறேன். தொலைபேசியில் ஒரு பெடியனோடு கதைத்ததற்கு, ரிசீவராலேயே உன் காதில் அடித்திருக்கிறேன். ஒரு தடவை சோறு கொட்டியதற்கு. அப்போது உனக்கு என்ன வயது என்று உன் சின்னவளைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஊரில் செய்தி எழுதும்போது, யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்தாலும் 'இனந்தெரியாதோர்' என்று எழுதுவோம். பெயர் எழுதினால் அடுத்த நாள் செய்தியில் நாங்கள் இருப்போம். அங்கே உயிருக்குப் பயந்து பழகியதை, உயிர்ப்பயம் ஏதும் இல்லாத லண்டனில், மூன்று அறை வீட்டுக்குள் நான் தொடர்ந்து செய்தேன். உன் உடம்பில் இருந்த ஒவ்வொரு தழும்பையும் இனந்தெரியாதவன் ஒருவன் செய்துவிட்டுப் போயிருந்தான்.

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறவர்கள், நீ கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினார்கள். "இவள்தானே பிரேக்கை விட்டவள்." எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. நீ பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனாய். என்னோடு தமிழில் கதைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாய். மொழி மறந்துபோகிறது என்று நான் ஊருக்குச் சொன்னேன். அந்த மொழியில் ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படிந்து உனக்கு நடந்ததை நினைத்தால், நீ இன்றும் என்னை 'அப்பா' என்று கூப்பிடுவதே பெரிய காரியம்.

சனிக்கிழமைக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை டூட்டிங்கில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பொய்க்காலைக் கழற்றிக் கதிரையோடு சாத்தி வைத்துவிட்டுப் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் அரசாங்கக் கால் என்பான், உனக்குத் தெரியும். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு அவள் தானா விடேல்லை. நான்தான் விடு எண்டனான்."

அவன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான். "நாலு தரம்," என்றான்.

"உனக்குக் கேட்டதோ?"

"சில்லு ஏறினது காலிலை அண்ணை. காதிலை இல்லை."

"அப்ப ஏன் நீ ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் பேப்பர்காரன். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். முதல் வருசம் பாத்தன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட அண்டைக்குப் பாத்தன். அவளின்ரை கலியாணத்திலை நீங்கள் மைக்கைப் பிடிச்ச உடனை, சரி, இண்டைக்குச் சொல்லப்போறார் எண்டு நினைச்சன். நீங்கள் மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் நன்றி சொல்லிப்போட்டு இறங்கிட்டியள்."

அவனும் பேசாமல் இருந்தவன்தான். அதை நான் சொல்லவில்லை. அவனுக்கே அது தெரிந்திருந்தது என்பது அவன் முகத்தில் இருந்தது. கதிரையோடு சாத்தியிருந்ததைக் காட்டி, "அந்தக் காலை எடுங்கோ," என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பொருத்தினான். வார் இறுகவில்லை, நான் குனிந்து இறுக்கிவிட்டேன். என்னை அடிக்கத்தான் எழும்புகிறான் என்று எனக்கு விளங்கியது. எழும்புவதற்கு என் கையைத்தான் பிடித்தான். கொடுத்தேன். நேராக நின்று, நிலை எடுத்து, என் கன்னத்தில் அறைந்தான். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அண்ணை மேல் கை வைத்தான். "இது அவளுக்கு," என்றான். இரண்டாவதுக்குக் கை ஓங்கினான்.

பிள்ளை, என் முழங்கை உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, அது தானாக எழும்பி முகத்துக்கு முன்னால் மடிந்து நின்றது. உன் சின்னவள் மடித்த அதே விதம். அறுபத்தெட்டு வயதுக் கை. என்னை அடித்த என் தகப்பன் செத்து நாற்பது வருடம். சோதனைச் சாவடியில் துப்பாக்கிப் பிடியால் அடித்தவன் எங்கே இருக்கிறானோ தெரியாது. என் முழங்கை அவர்களை மறக்கவில்லை. சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தான். ஓங்கிய கையை இறக்கிக் கதிரையில் இருந்தான். "போய்த் தேத்தண்ணி போடுங்கோ அண்ணை," என்றான். "எனக்கு இனி எழும்பேலாது." எனக்குக் கன்னம் எரிந்தது. அவ்வளவுதான். அந்த அடியால் அவனுக்கும் ஒன்றும் தீரவில்லை, எனக்கும் தீரவில்லை. அடிப்பதை அறுபது வருடம் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் சொல்கிறேன், அது ஒன்றையும் தீர்ப்பதில்லை.

முகாம் இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். அந்த விபத்துப் புத்தகம் இப்போது இல்லையாம், பழையவற்றை அழித்துவிட்டார்களாம். ஆகவே எனக்கு மிஞ்சியது இந்த இடம்தான்.

திருத்தம். பதினைந்து வருடத்துக்கு முன் இந்தப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், கரவன் விபத்து ஒன்று மகளின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று வெளியானது. அது பொய். கைப்பிரேக்கை இறக்கும்படி சொன்னவர் தந்தை. மகள் கேட்டு, மீண்டும் கேட்டு, அதன் பிறகே இறக்கினார். அன்று மகளின் புருவத்தில் ஏற்பட்ட காயத்துக்குக் கரவன் கதவு காரணமல்ல. தந்தை நீர்மட்டத்தால் அடித்தார். அடித்தவரின் இனம் தெரியும், இதை எழுதுபவர் அவரே. தவறுக்கு வருந்துகிறோம் என்று பன்மையில் முடிப்பது பத்திரிகை வழக்கம். இதில் வேறு எவருக்கும் பங்கில்லை. வருந்துகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கலாம் என்று எழுதிப்பார்த்தேன். கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும். உனக்கு அந்த வேலையையும் தர நான் விரும்பவில்லை. உனக்கு வேண்டியது நீ வைத்துக்கொள். ஆனால் சின்னவளைப் பற்றி நான் பேசாமல் இருக்க ஏலாது. என்னிடம் பழகியது என்று நீ சொன்னது உண்மை. பழக்கியவனே வந்து சொல்கிறான், அது பிழையான பழக்கம். நான் உன்னை அடித்ததால் நீ நல்ல பிள்ளையாக வந்தாய் என்று உன் மனதின் ஒரு மூலையில் இருந்தால், அதை எடுத்துப்போடு. நீ நல்ல பிள்ளையாகத்தான் பிரேக்கில் நின்றாய். கேட்டாய், உறுதிசெய்தாய், சொன்னதைச் செய்தாய். அடி அதற்குப் பிறகுதான் வந்தது.

புறப்படும் நாளில் காரைக் கழற்றுமுன் கட்டையை வை. இரண்டு சில்லுக்கும் வை. ஒருவரையும் சில்லுக்குப் பின்னால் குந்த விடாதே. உன் புருசனோடு சொல்லைப் பேசி முடிவுசெய்துகொள். இறக்கு, இழு என்ற இரண்டு சொல் போதும், எங்கள் மற்றச் சொல்லைக் கரவனுக்குப் பக்கத்தில் பாவிக்க வேண்டாம். சின்னவளுக்குக் கைப்பிரேக்கைக் காட்டிக்கொடு. பொத்தான் எதற்கு, அழுத்தினால் என்ன நடக்கும், ஏன் தொடக்கூடாது என்று அவள் உயரத்துக்குக் குந்தி இருந்து சொல். தாத்தாவின் தம்பிக்கு நடந்ததைச் சொல். உன் புருவத்துத் தழும்பைக் காட்டி அது என்ன என்று அவள் கேட்டால், கதவு என்று சொல்லாதே. தாத்தா என்று சொல். எனக்கு முன்னால் வைத்தே சொல்லலாம்.

முன்பக்கமும் பின்பக்கமும் மட்டமான பிறகு, மூலைக்கால்களை இறக்க அந்த இரும்புக் கைப்பிடியை நீ சுவரில் இருக்கும் கொழுவியிலிருந்து எடுக்க வேண்டிவரும். அதற்குக் கையை மேலே நீட்ட வேண்டும். நீட்டும்போது திரும்பி அவளைப் பார். அவள் முழங்கை உயர்ந்தால், கைப்பிடியை அங்கேயே விட்டுவிட்டு அவளிடம் போ. மூலைக்கால் இறங்காவிட்டால் வண்டி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அது ஆடட்டும்.

அப்பா